வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி? அமெரிக்காவில் வசிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்து, அருகில் குறிப்பு அட்டையை மாட்டினால் அது நாம் பள்ளிக் காலத்தில் பார்த்த அருங்காட்சியகம். அதே பொருளை வெளியே எடுத்து, அது புழங்கிய வீடு, அடுப்பு, தோட்டம், தொழுவம் எல்லாவற்றையும் சுற்றிலும் நிறுத்தி, அக்காலத்து உடை அணிந்த ஒருவர் அதை வைத்து வேலை செய்து காட்டினால் அது வாழும் வரலாற்று அருங்காட்சியகம். ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சென் இத்தகைய திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு முன்னோடி. அமெரிக்காவில் விர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க், மாசசூசெட்ஸின் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ், பிளிமத் பட்டக்செட், இந்தியானாவின் கானர் பிரெய்ரி, மிச்சிகனின் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் ஆகியவை பெயர் பெற்றவை. அங்கு வசிக்கும் தமிழர் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கொல்லுப் பட்டறையில் துருத்தி இழுத்துக்கொண்டு நிற்பவரின் இடத்தில் தாமும் நிற்கலாம் என்று நினைப்பவர் மட்டும் குறைவு.

நான் நியூ இங்கிலாந்தில் ஒரு கிராம அருங்காட்சியகத்தில் சில பருவங்கள் வேலை பார்த்தேன். அதற்கு முன் வேறோர் அருங்காட்சியகத்தின் நேர்காணலில் தோற்றேன். அந்தத் தோல்விக்கு நான் அணு அணுவாகத் தயாராகியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. போர்கள், ஒப்பந்தங்கள், ஆளுநர்களின் பெயர்கள் அனைத்தும் தலைகீழ்ப் பாடம். நேர்காணல் செய்த அம்மையார் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு கூடை ஆட்டு ரோமத்தையும் கம்பிப் பற்கள் பதித்த இரண்டு சீப்புக் கட்டைகளையும் என் முன் வைத்து, சிக்கெடுப்பது எப்படி என்று ஒரு முறை செய்து காட்டிவிட்டு, "இதைச் செய்துகொண்டே, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லுங்கள்" என்றார். கை ஓடியபோது வாய் நின்றது. வாய் ஓடியபோது கை நின்றது. அவர்கள் தேடுவது நடிகரையும் அன்று, வரலாற்றுப் பேராசிரியரையும் அன்று. கைவேலை நிற்காமல், முன்பின் தெரியாதவரோடு பேசத் தெரிந்த ஒருவரை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு தேவையை ஒட்டியே செல்லும்.

முதல் படி: தன்மையா, படர்க்கையா?

விளம்பரங்களில் 'ஹிஸ்டாரிக்கல் இன்டர்பிரெட்டர்' என்ற பதவிப் பெயரைக் காண்பீர்கள். இது மொழிபெயர்ப்பு வேலை அன்று; பழைய காலத்தை இன்றைய பார்வையாளருக்கு விளங்க வைப்பவர் என்பதே இங்கு பொருள். விளக்குநர் என்று வைத்துக்கொள்வோம். இந்த விளக்குநர்களில் இரு வகையினர் உண்டு. அவர்களை வேறுபடுத்த நம் இலக்கணத்தின் தன்மை, படர்க்கை ஆகிய சொற்களே போதும்.

பிளிமத் பட்டக்செட்டின் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கிராமத்தில் இருப்பவர்கள் தன்மையில் பேசுகிறார்கள். "நான் இந்த வீட்டுக்காரி, போன வாரம்தான் எங்கள் பசு கன்று போட்டது" என்பார்கள். கைப்பேசியைக் காட்டினால் அது என்னவென்று தெரியாதவர்போல் பார்ப்பார்கள். அந்தப் பாத்திரத்தின் ஊர், மதம், உறவுகள், பேச்சு வழக்கு என அனைத்தையும் கற்று நாள் முழுவதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ஓல்டு ஸ்டர்பிரிட்ஜில் உடை பழையது, பேச்சு இன்றையது. "1830-களில் இப்படித்தான் பாலாடைக்கட்டி செய்தார்கள்" என்று படர்க்கையில் சொல்வார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் இரண்டும் உண்டு. வாஷிங்டனாகவும் ஜெஃபர்சனாகவும் வருபவர்கள் தன்மையில் பேசுவார்கள்; பீப்பாய் செய்பவரும் அச்சுக் கோப்பவரும் தங்கள் தொழிலைப் பற்றி இன்றைய மனிதராகவே பேசுவார்கள்.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பது, பிளிமத் பட்டக்செட்டிலேயே தனியாக உள்ள பூர்வகுடிகளின் பட்டக்செட் குடியிருப்பு. அங்கு பணியாற்றும் வாம்பனோக் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் மரபான உடையில் இருந்தாலும் எந்தப் பாத்திரத்தையும் ஏற்பதில்லை. இன்றும் வாழும் தங்கள் சமூகத்தைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். அங்கே பானை வனைபவர் யாரையும் நடித்துக் காட்டவில்லை; அது அவரது சொந்தத் தொழில்.

தாய்மொழி ஆங்கிலம் அல்லாத நம்மைப் போன்றோருக்குப் படர்க்கை வேலையே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் வட்டார வழக்கைப் பேசக் கற்பது தனித் தவம். படர்க்கையில் பேசும்போது உங்கள் உச்சரிப்பு யாருக்கும் உறுத்தலாக இருக்காது. தெளிவாகப் பேசினால் போதும்.

இரண்டாம் படி: வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உள்ளதா என்று பாருங்கள்

இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் ஆசையோடு கடிதமெல்லாம் எழுதிய பிறகு இதில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை. எஃப்-1 மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய சிபிடி அல்லது ஓபிடி எனப்படும் பயிற்சி வேலை அனுமதி தேவை. அந்த வேலை படிக்கும் துறையோடு நேரடியாகத் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். வரலாறு, மானுடவியல், அருங்காட்சியகவியல், நாடகம் படிப்பவர்கள் இதை எளிதாகக் காட்டலாம். கணினி அறிவியல் மாணவர் மெழுகுவத்தி வார்க்கும் வேலையைத் துறை சார்ந்தது என்று நிறுவுவது கடினம். எச்-4 விசாவில் இருப்போர் வேலை அனுமதி அட்டை பெற்றிருந்தால் மட்டுமே சம்பளத்துக்கு வேலை செய்யலாம். பருவகால வேலை ஒன்றுக்காக எச்-1பி விண்ணப்பிக்க எந்த அருங்காட்சியகமும் முன்வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் இல்லாமல் செய்தால் பிரச்சினை இல்லையே என்று தோன்றலாம். மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் அதே வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்பட இடமுண்டு. எனவே தன்னார்வலர் திட்டம் என்று முறையாக அறிவித்து நடத்தும் இடங்களை மட்டுமே நாடுங்கள். ஐயம் இருந்தால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு முதலாளிகள் வேறாக இருக்கலாம். தொடக்ககால ஆங்கிலேயர் குடியேற்றத்தின் கப்பல்களும் கோட்டையும் மீண்டும் கட்டிக் காட்டப்பட்டுள்ள ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட், விர்ஜீனியா மாநில அரசின் அமைப்பு நடத்துவது. அங்கே மாநில அரசு வேலைக்கான முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். சற்றுத் தள்ளி, அகழாய்வு நடக்கும் அசல் இடமான ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுனில் தேசியப் பூங்காத் துறைக்கும் பங்கு உண்டு; அத்துறையின் கூட்டாட்சி அரசுப் பணிகள் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு உரியவை.

மூன்றாம் படி: பார்வையாளராகப் போய்ப் பாருங்கள்

விண்ணப்பிக்கும் முன் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு முழு நாள் அங்கே செலவிடுங்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது உத்தமம். கட்டடங்களைப் பார்க்காதீர்கள், வேலை செய்பவர்களைப் பாருங்கள். ஒரே அடுப்பங்கரையில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஐந்து குடும்பங்கள் வந்து போகும், ஐந்து பேரும் ஏறத்தாழ அதே கேள்விகளைக் கேட்பார்கள்: "இது நிஜ நெருப்பா?", "இந்த உடையில் புழுங்கவில்லையா?", "இதை நீங்கள் சாப்பிடுவீர்களா?", "ராத்திரி இங்கேயே தூங்குவீர்களா?" ஐந்தாவது முறையும் முதல் முறை கேட்டதுபோல் அந்த விளக்குநர் பதில் சொல்கிறாரா, அந்தச் சின்னக் கேள்வியிலிருந்து பேச்சை எங்கே கொண்டுபோகிறார் என்று கவனியுங்கள்.

புழுக்கம் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "ஆமாம், மிகவும் புழுக்கம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "உள்ளே போட்டிருப்பது லினன்; அது வியர்வையை இழுத்துக்கொள்ளும். இந்தத் துணி எதிலிருந்து வருகிறது தெரியுமா?" என்று கேட்டு, மேசை மேல் கிடக்கும் ஆளிச் செடியின் காய்ந்த தண்டைக் குழந்தையின் கையில் கொடுப்பவர், அந்தக் கேள்வியை ஒரு தோட்டத்துக்கும் நெசவுக்கும் இட்டுச் சென்றுவிடுகிறார். இத்தகைய ஒரு காட்சியை நேரில் பார்த்து, அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.

நான்காம் படி: எப்போது, எங்கே தேடுவது

வில்லியம்ஸ்பர்க் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். பிளிமத் பட்டக்செட் போன்றவை மார்ச் மாதத்தில் திறந்து நவம்பர் இறுதியில் மூடுகின்றன. நன்றி நவிலும் நாளை ஒட்டிய வாரங்கள் அங்கே திருவிழாக் கூட்டம். வசந்த காலத்தில் திறக்கும் இடங்கள் குளிர்காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும் என்பதால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். அல்ஃபாம் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும், 1970-இல் தொடங்கப்பட்ட வாழும் வரலாறு, பண்ணை, வேளாண் அருங்காட்சியகங்களின் சங்கத்தின் வேலை அறிவிப்புகளும் பயன்படும். சிறிய மாவட்ட அருங்காட்சியகங்கள் எங்கும் விளம்பரம் செய்யாமல் தெரிந்தவர் மூலமே ஆள் எடுப்பதுண்டு. அங்கே நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை.

கைத்தொழில் கற்பதே உங்கள் நோக்கம் என்றால் பொறுமை வேண்டும். வில்லியம்ஸ்பர்க்கில் கொல்லு வேலை, சக்கரம் செய்தல், வெள்ளி வேலை, அச்சு போன்ற தொழில்களுக்கு முறையான பயிற்சியாளர் இடங்கள் உண்டு; கற்று முடிக்க ஆறேழு ஆண்டுகள் வரை பிடிக்கும். ஆகவே அந்த இடங்கள் அடிக்கடி காலியாவதில்லை. வேறொரு பொறுப்பில் உள்ளே நுழைந்து, பட்டறைக்காரர்களோடு பழகி, இடம் வரும்போது கேட்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

ஐந்தாம் படி: ரெஸ்யூமேயும் கடிதமும்

நம்மவர்களின் ரெஸ்யூமேக்களில் பட்டங்களும் மென்பொருள் பெயர்களும் நிரம்பியிருக்கும். இந்த வேலைக்கு அவற்றால் பயன் மிகக் குறைவு. உண்மையில் பயன்படக்கூடியவற்றை நாம் அனுபவம் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தது, கோயில் மடப்பள்ளியில் 300 பேருக்குச் சமைக்கும் குழுவில் நின்றது, ஆச்சியிடம் கற்ற ஊறுகாய்ப் பக்குவம், தையல், பூத்தொடுத்தல், கொல்லைப்புறக் காய்கறித் தோட்டம், சிறு வயதில் மாடு கறந்தது, விறகடுப்பில் ஊதுகுழல் பிடித்தது ஆகிய அனைத்தும் இங்கே தகுதிகள். விறகடுப்பில் ஒரு முறையாவது சோறு பொங்கியவருக்குத் தணலின் சூட்டைக் கையை நீட்டியே கணிக்கத் தெரியும். மின் அடுப்பிலேயே வளர்ந்த இளைஞருக்கு அதைக் கற்றுத்தர அருங்காட்சியகம் பல வாரங்கள் செலவிட வேண்டியிருக்கும்.

அவற்றை எழுதும் விதமும் முக்கியம். "குழந்தைகளுடன் பழகிய அனுபவம் உண்டு" என்ற வரியைப் படிப்பவர் அடுத்த நொடியே மறந்துவிடுவார். "ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான பதினைந்து பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் தமிழ்ப் பள்ளியில் கற்பித்தேன், அரிசி மாவில் கோலமிடக் கற்றுக்கொடுத்தபடியே எண்களைச் சொல்லித் தந்தேன்" என்று எழுதினால், கையும் வாயும் சேர்ந்து இயங்கும் ஒரு மனிதர் அங்கே தெரிகிறார்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில், நீங்கள் போய்ப் பார்த்த நாளில் கண்ட ஒரு காட்சியையும் அது உங்களை ஏன் நிறுத்தியது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவதில் உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு வேலையையும் அதை யாருக்காவது கற்பித்த அனுபவத்தையும் எழுதுங்கள். மூன்றாவதில் எந்தெந்த நாட்களில் வர முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் வர முடியும் என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, முதுகலைப் பட்டத்துக்குக்கூடப் பல நேரங்களில் இருப்பதில்லை. "சிறு வயது முதலே எனக்கு வரலாற்றில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி அப்படித்தான் தொடங்கும்.

ஆறாம் படி: ஓர் ஆண்டைப் படியுங்கள், ஒரு நூற்றாண்டை அன்று

பிளிமத் கிராமம் நெடுங்காலமாகக் காட்டிவந்த ஆண்டு 1627. அந்த ஆண்டு பொதுவில் இருந்த மாடுகளையும் ஆடுகளையும் குடியேறிகள் பங்கிட்டுக்கொண்டார்கள். தலா 13 பேர் கொண்ட 12 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதினார்கள். ஒரு மாட்டுப் பங்கீடு அந்த ஊரின் 156 பேரையும் நமக்குப் பெயரோடு கொடுத்துவிட்டது. இத்தகைய ஆவணம் ஒன்றை ஊன்றிப் படித்தவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார். ஒரு பசுவின் பாலைப் பதின்மூன்று பேர் எப்படிப் பகிர்ந்திருப்பார்கள், பால் கறப்பது யார் முறை, மாட்டைக் கட்டுவது யார் வீட்டில் என்று கேள்விகள் தாமாக முளைக்கும். பார்வையாளரோடு பேச அதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் என்றால் 1790 முதல் 1840 வரையிலான நியூ இங்கிலாந்துக் கிராம வாழ்வு. நூற்பாலைகள் வந்து வீட்டு ராட்டைகள் ஓய்ந்துகொண்டிருந்த காலம். வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை விர்ஜீனியாவின் தலைநகரம். பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லரின் பணத்தில் 1926 முதல் அதைப் புதுப்பித்தார்கள். அங்கே விண்ணப்பிப்பவர் அமெரிக்கப் புரட்சிக் காலத்து விலைவாசி, சமையல், துணி, கடன் ஆகியவற்றைப் படித்தால் போதும். போர்க்கள விவரங்களை நாள்தோறும் கேட்கும் பார்வையாளர் சிலரே.

துணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டன் 1721-இல் தன் நாட்டு நெசவாளருக்காக அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தன் மண்ணில் உடுத்தத் தடை விதித்தது. அந்தத் தடை அமெரிக்கக் காலனிகளுக்குச் செல்லவில்லை. எனவே சோழமண்டலக் கரையின் சாய வேலைத் துணிகள் அங்குள்ள கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 18-ஆம் நூற்றாண்டுத் துணிக்கடை ஒன்றில் நின்று பேச உங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

இதையொட்டி நம்மவர் பலருக்குள் இருக்கும், ஆனால் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: மாநிறத் தோலுடன் ஆங்கிலேயர் குடியிருப்பில் நிற்க என்னை எடுப்பார்களா? படர்க்கையில் பேசும் இடங்களில் பூர்வீகம் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. நீங்கள் யாராகவும் நடிக்கப்போவதில்லை. தன்மையில் பேசும் இடங்களில் கொள்கைகள் மாறுபடும்; நேர்காணலில் நேரடியாகவே கேட்கலாம். கூடவே ஒரு தகவல்: விர்ஜீனியாவின் 1635-ஆம் ஆண்டு நில ஆவணம் ஒன்றில், அங்கு கொண்டுவரப்பட்ட பணியாளர்களிடையே டோனி என்ற ஓர் 'ஈஸ்ட் இந்தியன்' பதிவாகியிருக்கிறார். நம் பக்கத்து மனிதர் அந்த மண்ணுக்குப் புதியவர் அல்லர்.

ஏழாம் படி: நேர்காணல்

பல இடங்களில் முதலில் தொலைபேசியிலோ காணொளியிலோ சிறு உரையாடல், பிறகு நேரில் அழைப்பு. நேரில் வரும்போது ஐந்து நிமிடத்துக்கு ஏதேனும் ஒன்றைச் செய்துகாட்டி விளக்கச் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் ஒன்றைத் தயாரித்து வைத்திருங்கள். வீட்டில் பயிற்சி செய்ய எளிய வழி இதுதான்: பூத்தொடுக்கத் தெரிந்தவர் நாரும் பூவும் எடுத்துக்கொள்ளுங்கள்; பொத்தான் தைக்கத் தெரிந்தவர் ஊசியும் நூலும். வீட்டிலுள்ள ஒருவரை எதிரே உட்கார வைத்து, இடையிடையே சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். கை நிற்கக் கூடாது, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தவறக் கூடாது, தெரியாத கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதை எப்படித் தேடுவேன் என்று சொல்கிறேன்" என்ற பதிலுக்கு இந்தத் தொழிலில் நல்ல மரியாதை உண்டு. கதை கட்டிச் சொல்பவரைத்தான் அஞ்சுவார்கள், ஏனெனில் அவர் சொல்லும் பொய் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரின் காதில் விழும்.

கடினமான கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். புரட்சிக் காலத்து வில்லியம்ஸ்பர்க்கின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். "இங்கே அடிமைகளை நன்றாகத்தானே நடத்தினார்கள்?" என்று ஒரு பார்வையாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று உங்களைக் கேட்கலாம். சண்டைக்குப் போவதும் தவறு, சிரித்து மழுப்புவதும் தவறு. நான் கேட்டதிலேயே சிறந்த பதில், அனுபவமிக்க ஒரு சக ஊழியர் சொன்னது. அவர் குரலை உயர்த்தாமல், "விர்ஜீனியாவில் 1662-இல் ஒரு சட்டம் போட்டார்கள், தாய் அடிமை என்றால் பிறக்கும் குழந்தையும் அடிமை. இந்த அடுப்பில் சமைத்தவரின் குழந்தை, அவர் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும், வேறொருவரின் சொத்து" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பானையைக் கிளறிக்கொண்டே அமைதியாக இருந்தார். கேட்டவர் அடுத்த கேள்வியை வேறு தொனியில் கேட்டார்.

எட்டாம் படி: உடல், உடை, உணவு பற்றி முன்பே கேட்டுவிடுங்கள்

உடையைப் பெரும்பாலான பெரிய அருங்காட்சியகங்கள் தாங்களே தருகின்றன. அளவெடுக்க ஒரு நாள் வரச் சொல்வார்கள். காலணியை நீங்களே வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் காலணிகளில் இடது, வலது என்ற பிரிவு இல்லை. அந்த வடிவத்தில் செய்த புதுச் செருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குக் காலைப் பதம் பார்க்கும். ஜூலை வெயிலில் பல அடுக்குத் துணியோடு எரியும் அடுப்பருகே நிற்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், விறகு தூக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் புகை இல்லாத இடங்களைக் கேட்டு வாங்கலாம்.

கைக்கடிகாரம், நகப்பூச்சு, கண்ணில் படும் நவீன நகைகள் பெரும்பாலும் கூடாது. மூக்குத்தியும் பொட்டும் இதில் அடங்கும். தாலியை உடைக்குள் மறைத்துக்கொள்ள இடம் தருவார்கள். மூக்குத்தியைத்தான் கழற்றச் சொல்வார்கள். கழற்ற மனமில்லாதவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு சங்கடப்படாமல், முன்பே கேட்டுவிடுவது நல்லது. சமய நம்பிக்கை சார்ந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்கும் நிர்வாகங்களும் உண்டு. உடை மாற்றாத வரவேற்பு, கல்வித் திட்டம், அலுவலகப் பணிகளும் உண்டு.

சைவ உணவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடுப்பங்கரைப் பணி என்றால் பன்றி இறைச்சி உப்புக்கண்டம், கோழி இறகு பறித்தல், கொழுப்பு உருக்குதல் அனைத்தும் வேலையின் பகுதி. ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்ய மாட்டேன் என்று நடுப்பருவத்தில் சொன்னால் உடன் வேலை செய்பவரின் தலையில் அது விழும். நூற்பு, நெசவு, தையல், தோட்டம், தகர வேலை, அச்சு எனப் பிற பணிகள் இருக்கின்றன. நேர்காணலிலேயே உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: அழைப்பு வந்த பிறகு

இது பணம் சேர்க்கும் வேலை அன்று. மணிக்கணக்குச் சம்பளம், தொடக்க நிலையில் அது மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருப்பது வழக்கம். மாசசூசெட்ஸில் 2023 முதல் அந்தக் குறைந்தபட்சம் மணிக்கு 15 டாலர். கூட்டாட்சி அளவில் 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு பெரிது. ஒப்புக்கொள்ளும் முன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, மழைக்காக மூடினால் சம்பளம் உண்டா, உடை மாற்றும் நேரம் வேலை நேரத்தில் சேருமா, உடையைத் துவைப்பது யார் பொறுப்பு, பருவம் முடிந்தபின் அடுத்த ஆண்டு மீண்டும் அழைக்கும் வழக்கம் உண்டா என்பவற்றைக் கேளுங்கள். உடை மாற்றும் நேரத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டு, நாள்தோறும் அரை மணி நேரத்தை நான் ஒரு பருவம் முழுவதும் சும்மா கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகள் வந்துபோகும் இடம் என்பதால் பின்னணிச் சோதனை இருக்கும். வேலை அனுமதியை உறுதிப்படுத்தும் ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை வேலை தொடங்கும் நாளுக்குள் நிரப்ப வேண்டும். தொடங்கி மூன்று வேலை நாட்களுக்குள் அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும். நகல் மட்டும் எடுத்துச் சென்று திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் சில வாரங்கள் மூத்தவர் ஒருவரின் பின்னால் நின்று பார்ப்பதே வேலை. அப்போது அவர் சொல்வதைக் குறிப்பெடுங்கள். அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால்

வசந்த காலத்தில் மறுத்துவிட்டார்கள் என்பதற்காக அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் வேலை பார்க்கும் கல்லூரி மாணவர்கள் ஆகஸ்ட் நடுவிலிருந்தே படிப்புக்குத் திரும்பிவிடுவார்கள். செப்டம்பர் பிறந்ததும் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வரத் தொடங்கும். ஆள் பற்றாக்குறை அப்போதுதான் உச்சம். நேர்காணல் செய்தவருக்கு ஜூலைக் கடைசியில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கே வர முடியும் என்று எழுதுங்கள். தோற்ற இடத்துக்கு நான் அப்படி எழுதவில்லை. அடுத்த ஊரில் இருந்த அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆட்டு ரோமத்தில் சிக்கெடுத்துப் பழகியிருந்ததையும் சேர்த்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை எழுதிய மின்னஞ்சலுக்கு வியாழக்கிழமை பதில் வந்தது.